அறிவா, மனசா?

ஆசிரியருக்கு,

தலைமைப்பண்பு பற்றிய உங்கள் கட்டுரை, தலைவருக்கு வேண்டியது அறிவா, மனசா என்று பட்டிமன்றம் நடத்தியிருந்தது. எனக்கு அண்டார்டிகப் பயணக் குழுத் தலைவர் ஷாக்கிள்டன் ஞாபகம் வந்தது. 1915இல் அவருடைய எண்டியூரன்ஸ் கப்பலை அண்டார்டிகப் பனி நொறுக்கியது. கப்பலை விட்டுப் பனியில் இறங்கியபோது, சொந்தச் சாமான் ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைதான் என்று கறாராகச் சொன்னவர், தன் தங்கக் காசுகளையே பனியில் வீசினார். ஆனால் குழுவில் இருந்த ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை விடாமல் எடுத்துவரச் செய்தார். கனமானதுதான், ஆனால் பாட்டு இல்லாவிட்டால் ஆட்கள் உடைந்துபோவார்களே!

அப்புறம், 1916இல் உதவி தேடிச் சிறு படகில் கிளம்பியபோது, முன்பு தன்னை எதிர்த்து நின்ற தச்சரையும் ஏற்றிக்கொண்டார். கைவேலைக்கு ஆள் ஆச்சு, கரையில் விட்டுவந்தவர்களிடையே அவர் முணுமுணுப்பு பரவவும் வழியில்லை. இதில் அறிவு எது, மனசு எது? கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தார்கள். பிறகு அந்தத் தச்சருக்குப் பதக்கம் கிடைக்காமல் செய்தது மட்டும், சின்னத்தனம்.

– வாசகர், தஞ்சாவூர்