சீத்தாப்பழக் கொட்டையும் பேனும்

அன்புள்ள மகேசு,

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? பதில் போடாததற்கு ஏச வேண்டியதை நேரில் வரும்போது ஏசிக்கொள். அரைப் பரீட்சை லீவுக்கு நீ மகளோடு கல்லிடைக்குறிச்சிக்கு வருவதாக ஆச்சி சொன்னாள். அதற்குள் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் மதினி மகளுக்குத் தலை நிறையப் பேன். சீத்தாப்பழக் கொட்டையைக் காயவைத்து இடித்து, எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துண்டால் கட்டிவிட்டாள் மதினி. தலைக்கு ஊற்றும்போது அது வழிந்து கண்ணில் இறங்கிவிட்டது. பிள்ளை அலறிய அலறல் தெருவுக்கே கேட்டது. ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டைக்கு ஓடினோம். கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது என்று சொல்லி, டாக்டர் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். நல்லவேளை, சில நாளில் ஆறிவிட்டது. அந்தக் கொட்டை கண்ணுக்கு விஷமேதான் மகேசு. உங்கள் மாமியார் கைமருந்து என்று ஏதாவது ஆரம்பித்தால் இதைச் சொல்.

மதினியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த அவமானத்தில்தான் இவள் அவசரப்பட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பேன் தாவாது, பறக்காது. தலையும் தலையும் ஒட்டும்போது ஊர்ந்துதான் ஏறும். முதல்முறை பிடித்தவர்களுக்கு அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். சொறிகிற அன்றைக்குப் பிரித்து வைத்து என்ன ஆகப் போகிறது? தினம் குளிக்கிற தலையிலும் பேன் இருக்கும். இன்னொன்று, தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிகிற ஈர் பெரும்பாலும் பொரித்துப் போன வெறும் கூடு. உயிருள்ளது தோலை ஒட்டி, கால் அங்குலத்துக்குள் முடியில் ஒட்டியிருக்கும்.

மதினியின் அம்மா திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிடலாம் என்றார். பிள்ளை ரெட்டைச் சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்டனை மாதிரி ஒரு மொட்டையா? கூடவே கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

சரி, அப்புறம் என்ன செய்தோம் கேள். வளவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார வைத்தோம். ஒரு வீடு மட்டும் பார்த்தால் அடுத்த வாரமே திரும்ப வந்துவிடும். நனைந்த முடியில் கண்டிஷனர் நிறையத் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்தோம். ஈர முடியில் அதுகள் ஓட முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. ஒரு பேன் நாளைக்கு 8 முட்டை வரை வைக்குமாம். பேன் இருந்த தலைகளுக்கு மட்டும், கண்டிஷனர் போக ஷாம்பு போட்டு அலசித் துவட்டிவிட்டு, டாக்டர் சொன்னபடி பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து, 1 சதவீத லோஷன் போட்டு, 10 நிமிஷத்தில் அலசினோம். முட்டை அதில் சாகாது, பொரித்து வரும் குஞ்சைக் கொல்ல 9ஆம் நாள் மறுபடியும் போட வேண்டும். இந்த இரண்டாம் தடவையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏட்டி, நம்ம நீலா மண்ணெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, குண்டு டீச்சர் வகுப்பையே வேப்பமரத்தடிக்கு மாற்றிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பும் அதற்கு வாங்கின அடியும்! இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்தத் தலையோடுதானே அவள் வீட்டில் விறகடுப்பு ஊதினாள். வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தேய்க்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

மதினி மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறாளாம். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. உன் மகள் வந்ததும் இவளோடு சேர்ந்து விளையாடட்டும், தடுக்காதே. தலை சுத்தமாகிவிட்டது, நானே பார்த்தேன்.

வரும்போது பல் நெருக்கமான ஸ்டீல் சீப்பு இரண்டு வாங்கி வா. இங்கே கிடைத்த பிளாஸ்டிக் சீப்பில் பல் வளைந்து ஈர் நழுவிவிடுகிறது. எந்த ரயில் என்று எழுது, அம்பைக்கு ஆள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வி