சுருங்கும் தாள்: மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வாரம் முதல் கைவினை வகுப்பில் ஒரு புதிய பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறோம். சுருங்கும் பிளாஸ்டிக் தாள். கடைகளில் ‘ஷ்ரிங்க் ஷீட்’ என்று கேட்டால் கிடைக்கும். அதில் படம் வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி, ஓவனில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் சின்னதாகி, தடித்த வில்லையாகிவிடும். சாவிக்கொத்தில் மாட்டலாம், பைக்குத் தொங்கட்டானாகக் கட்டலாம். ஒருமுறை செய்த பிள்ளை வீட்டிலும் செய்யலாம் என்று கட்டாயம் கேட்கும். அதற்காகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

இந்தத் தாள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். சூடாக இருக்கும்போதே நாலாபக்கமும் இழுத்து, அந்த நிலையிலேயே சட்டென்று குளிரவைத்துத் தயாரிக்கிறார்கள். உள்ளே இழுபட்டு நிற்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நெகிழ்ந்து, பழையபடி சுருண்டுகொள்கின்றன. பிளாஸ்டிக் எங்கும் போய்விடுவதில்லை. நீள அகலத்தில் குறைந்தது தடிமனில் ஏறுகிறது. 10 செ.மீ. அகலப் படம் 4 செ.மீ. ஆனால், 0.3 மி.மீ. தாள் கிட்டத்தட்ட 2 மி.மீ. தடிமனாகும். எடை மாறாது. ஐந்தாம் வகுப்பில் தராசு வைத்து இதைப் பிள்ளைகளே சரிபார்ப்பார்கள்.

எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்காது. சில தாள்கள் பாதியாகும், சில மூன்றில் ஒரு பங்காகும். நீளவாக்கில் ஒரு அளவும் அகலவாக்கில் வேறு அளவுமாகச் சுருங்கும் தாளும் உண்டு. அதில் வட்டம் வரைந்தால் முட்டை வடிவம்தான் வரும். ஆகவே புதுக் கட்டைப் பிரித்ததும் 10 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள்: ஒன்று தாளின் நீளவாக்கில், மற்றது அகலவாக்கில். செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு முதலில் அவற்றைச் சுட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும் என்பதை அந்த இரண்டு பட்டைகளே சொல்லிவிடும்.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏ4 தாளில் பாதி, அதாவது 21 × 14.8 செ.மீ. கொடுக்கிறோம். படத்தின் வெளிக்கோடு அச்சடித்த தாள்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். இந்தப் பொருளின் அருமையே யோசித்து வரைவதில்தான் இருக்கிறது. அச்சடித்த கோட்டுக்குள் நிறம் நிரப்புவதானால் சாதாரணக் காகிதமே போதும்.

தாளின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தால் கலர் பென்சில் அதில்தான் பிடிக்கும். இரு பக்கமும் வழுவழுப்பான தாளானால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். வழுவழுப்பான பக்கத்துக்கு பெர்மனன்ட் மார்க்கர். ஸ்கெட்ச் பேனா மை அதில் முத்து முத்தாகத் திரண்டு, கை பட்டால் அழிந்துவிடும். மெழுகு கிரேயான் கூடவே கூடாது, சூட்டில் உருகி வழியும். வண்ணத்தை வெளிறத் தீட்டச் சொல்லுங்கள். அதே நிறம் ஆறில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருங்குவதால் இளநீலம் கருநீலமாகிவிடும், அழுத்திப் பூசிய சிவப்பு கறுத்துத் தெரியும். சொரசொரப்பில் தீட்டிவிட்டு வழுவழுப்பான பக்கத்தை முகப்பாக வைத்தால் பளபளப்பாக இருக்கும். ஆனால் பெயரை இடவலம் மாற்றி எழுத வேண்டும். ‘க’வைத் திருப்பி எழுதப் பிள்ளைகள் படும் பாடே நல்ல பயிற்சி. அவசரப்பட்டு நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

துளை போடுவதைச் சுடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காகிதத்தில் துளையிடும் கருவி போடும் 6 மி.மீ. ஓட்டை சுருங்கி ஏறத்தாழ 2.5 மி.மீ. ஆகும், வளையம் மாட்ட அது போதும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளிக் குத்துங்கள். மறந்துபோய், சுருங்கிய பிறகு குத்தினால் வில்லை விண்டுவிடும். வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். உள்நோக்கிய கூர்முனைகளில்தான் தாள் கிழியத் தொடங்குகிறது. வெளிமுனைகளையும் வளைத்து வெட்டிவிடுங்கள். சுருங்கிய பின் கூர்முனை கையைக் கீறும். பூனை வரைந்தால் வாலை உடம்போடு ஒட்டி வரையட்டும். தனியே நீளும் மெல்லிய பகுதி சூட்டில் திருகிக்கொள்ளும்.

இனி ஓவன். இது முழுக்கப் பெரியவர்கள் வேலை. பள்ளியில் ஆசிரியர் மட்டுமே கையாள்வார். 160 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, வண்ணப் பக்கம் மேலாக, துண்டுக்குத் துண்டு 4 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரங்கள் எழும்பும், தாள் கன்னாபின்னாவென்று சுருளும், பாழாகிவிட்டது என்றே தோன்றும். எல்லோரும் கதவைத் திறப்பது இந்த நொடியில்தான். திறக்காதீர்கள். சூடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஏறாததால் முதலில் சூடான பகுதி முந்திச் சுருங்குகிறது, அதனால்தான் இந்தச் சுருளல். மற்ற பகுதியும் சூடேறியதும் தானாகவே விரிந்து படுத்துவிடும். தட்டையானதும் மேலும் 20 விநாடி விட்டு எடுத்து, உடனே பட்டர் பேப்பரால் மூடி, மேலே தட்டையான மரப்பலகையை வைத்து 20 விநாடி அழுத்துங்கள். அதற்குள் விறைத்துவிடும்.

சில சமயம் சுருளும்போது ஒரு முனை மற்றொன்றின் மேல் ஒட்டிக்கொள்ளும். எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகப் பிரித்து மறுபடி சுடுங்கள், பெரும்பாலும் சரியாகும். வில்லை குழிந்தே இருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவில் இது நடக்காது. நுண்ணலையை பாலிஸ்டைரீன் உள்வாங்குவதே இல்லை என்று சொல்லலாம். மெழுகுவத்தி, கேஸ் அடுப்பு எதிலும் காட்ட வேண்டாம். தீப்பற்றினால் கரும்புகையோடு எரியும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அதே நேரத்தில் ஓவனில் உணவு வைக்காதீர்கள், தட்டும் தனியாக இருக்கட்டும். காரமான வாடை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே அணையுங்கள். பென்சில் வண்ணத்தின் மேல் தண்ணீரில் கரையும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் உரியாது. நகப்பூச்சு வேண்டாம், மார்க்கர் மையைக் கரைத்துவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வில்லைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். தொண்டையில் அடைக்கும் அளவுதான் இவை.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 1973-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இரண்டு இல்லத்தரசிகள் இந்தத் தாளைப் பொம்மையாக்கினார்கள். 2008-இல் மிஷெல் கைன் என்ற பொறியாளர் இதே பொம்மைத் தாளில் லேசர் பிரிண்டரால் கோடுகள் அச்சிட்டு, சிறு ஓவனில் சுருக்கி, மேடாக எழும்பிய மையையே அச்சாக வைத்து, ஆய்வகத்தில் துளித் திரவங்களை ஓடவிட்டுச் சோதிப்பதற்கான நுண்குழாய்த் தகடுகள் செய்யும் வழியை வெளியிட்டார்.

வகுப்பு நாளில் முனை மழுங்கிய கத்தரியும் கலர் பென்சில்களும் கொடுத்தனுப்புங்கள். தாளும் மார்க்கரும் பள்ளியில் இருக்கின்றன. ஆஸ்துமாவோ வாடை ஒவ்வாமையோ உள்ள பிள்ளையானால் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். சுடும் நேரத்தில் அந்தப் பிள்ளையை வேறு அறையில் வரைய வைத்துக்கொள்கிறோம். வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஒரு உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவோம். எறிந்துவிடாதீர்கள், உங்கள் ஓவனின் சூட்டைச் சோதிக்க அவை போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்