பழைய துரைமார் திடலைக் கார் நிறுத்துமிடமாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைத்தெருவுக்குப் பின்னால் லாலான் புல் மண்டிக் கிடக்கும் பழைய தோட்டத்து கோல்ஃப் திடலை மட்டம் தட்டிக் கார் நிறுத்தும் இடமாக்கலாம் என்று போன ஞாயிறு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெருநாள் நேரத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை, அது உண்மைதான். ஆனால் கூடவே, கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்றும் ஒரு வரி போட்டுவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகன் ஜெர்மனியில் ஹம்பர்க் நகரில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "சித்தப்பா, நீங்க அந்தக் காலத்துல தோட்டத்துத் துரைக்கு கோல்ஃப் மட்டைப் பை தூக்கின ஆளாச்சே, வாங்க ஒரு இடத்தைக் காட்டுறேன்" என்று அழைத்துப் போனான். நகரத்துக்குத் தெற்கே வின்சன் என்ற சின்ன ஊர், சுற்றிலும் வயல்வெளி, அதற்கு நடுவில் கிரீன் ஈகிள் என்ற கோல்ஃப் திடல். ஐரோப்பியன் ஓப்பன் போட்டியை 2017-லிருந்து அங்கேதான் நடத்தினார்கள். போட்டிக்காரர்கள் முதல் அடி அடிக்கிற பின் டீ என்ற இடத்திலிருந்து கணக்குப் போட்டால் பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, ஐரோப்பாவிலேயே மிக நீளமான திடல்களில் அதுவும் ஒன்று. தரை நம் செம்பனைக் காட்டுப் பாதை மாதிரி மட்டமாகத்தான் இருக்கிறது, மேடு பள்ளம் பெரிதாக இல்லை, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தால் பக்கத்தில் தண்ணீர். அந்தக் குழியைத் தாண்டினால் அங்கேயும் தண்ணீர். காற்று வேறு எந்த மறைப்பும் இல்லாமல் குறுக்கே அடிக்கிறது.

அண்ணன் மகன் மஞ்சள் டீயிலிருந்துதான் ஆடினான், அதாவது சாதாரண ஆண்கள் ஆடும் தூரம். அதற்கே மூச்சு வாங்கியது. ஒரு குழியில் பந்தை நன்றாகத்தான் அடித்தான், காற்று அதை மெல்ல வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போய்க் கரையோர நாணலுக்குள் போட்டது. பழைய பழக்கம் விடுமா, நான் நாணலை விலக்கித் தேடிக்கொண்டே இருந்தேன். தேடுவதற்கு இப்போதெல்லாம் மூன்று நிமிடம்தான், 2019-ல் விதியை மாற்றிவிட்டார்களாம். "போனது போனதுதான் சித்தப்பா, வாங்க, பின்னால ஆள் நிக்குது" என்றான். எங்கள் காலத்தில் துரையின் பந்து கிடைக்கும்வரை எங்களுக்கு வீடு கிடையாது.

பெரிய ஆட்டக்காரர்களும் அங்கே திண்டாடியிருக்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் பிரைசன் டிஷாம்போ ஜெயிக்கிற நிலையில் வந்து கடைசிக் குழிகளில் கோட்டை விட்டார். அதுவரை ஐரோப்பிய சுற்றில் ஒரு பட்டமும் வாங்காத ரிச்சர்ட் மெக்கெவாய் கடைசிக் குழியில் தூரத்திலிருந்து பந்தை உருட்டி உள்ளே போட்டு, மற்றவர்களைவிட ஒரே ஒரு தடவை குறைவாக அடித்த கணக்கில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பை தூக்க ஆள் இல்லை. பெரிய கார் வைத்திருப்பவரும் தன் பையைச் சக்கர வண்டியில் தானே இழுத்துக்கொண்டு நடக்கிறார், மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லை எடுத்து வைத்து மிதித்துவிட்டுப் போகிறார், மணல் குழியைத் தானே வாரிச் சமன் செய்கிறார். அப்புறம், பணம் இருக்கிறது என்பதற்காக நேரே உள்ளே நுழைந்து ஆடிவிடவும் முடியாது. பிளாட்ஸ்ரைஃபே என்று ஒரு தேர்வு இருக்கிறது. விதி, ஒழுங்கு, கொஞ்சம் ஆட்டம் மூன்றையும் பார்க்கிறார்கள். தேறியவருக்கு 54 என்று ஹேண்டிகேப், அதாவது சலுகை அடிகள், தருகிறார்கள், அதற்கு மேல் கிடையாது, அங்கிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டியது ஆடுகிறவர் பாடு. பெரிய கிளப்பில் சேர வசதி இல்லாதவர்களுக்கென்றே 1993-லிருந்து தனியாக ஒரு சங்கமும் இருக்கிறது. என் அண்ணன் மகன் அதில்தான் உறுப்பினர், அவன் ஒன்றும் கோடீஸ்வரன் இல்லை, கிடங்கில் கணக்குப் பார்க்கிறவன்.

ஜெர்மனியின் மிகப் பெரிய கோல்ஃப்காரர் யார் என்று கேட்டால் எவரும் சொல்வது பெர்ன்ஹார்ட் லாங்கர் பெயரைத்தான். கொத்தனாரின் மகன். சின்ன வயதில் பை தூக்கிச் சம்பாதித்துக்கொண்டே ஆடக் கற்றவர், 1985, 1993 இரண்டு முறையும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றவர், 1986-ல் உலகத் தரவரிசை தொடங்கியபோது முதலிடத்தில் இருந்தவரும் அவர்தான். ஏன், நம் மலேசியாவிலேயே எம். ராமையா, பி. குணசேகரன் என்று தொழில்முறையில் ஆடிய தமிழர்கள் இருக்கிறார்களே. வாசகருக்கு இது தெரியாது போலும்.

எங்கள் லயத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் பை தூக்கியவர்கள்தான். எந்த மட்டைக்கு எவ்வளவு தூரம், மழை பெய்த மறுநாள் குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்து எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் துரையைவிட எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் புல்லில் ஒரு பந்தை அடிக்க விட்டதில்லை. துரைமார் போன பிறகு வந்த நம்மவர்களும் விடவில்லை, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒட்டுப்பாலைத் துணியில் சுற்றிப் பந்தாக்கி, மரக்கிளையால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் பின்னால் அடித்து ஆடினோம், தோட்டத்துக் கணக்கர் கிராணி பார்த்தால் துரத்துவார்.

நான் ஒன்பது குழியையும் திரும்பக் கேட்கவில்லை. ஓடைப் பக்கம் உள்ள மூன்று குழிகளில் இன்னமும் புல் உயிரோடுதான் இருக்கிறது, லாலானை வெட்டினால் போதும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லலாம், ஜெர்மனியில் வைப்பது மாதிரி ஒரு சின்னத் தேர்வு வைத்து, தேறிய பிள்ளையை ஆட விடலாம். சொல்லித்தர என்னைப் போன்ற பழைய ஆட்கள் இன்னும் சிலர் இங்கே பசியாறிவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம், சம்பளம் வேண்டாம். நிலம் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வாடகை இல்லாமல் கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி, அதை நம் சட்டமன்ற உறுப்பினர் கேட்டுச் சொல்லட்டும்.

கார் நிறுத்தத்தான் இடம் வேண்டும் என்றால் மூடிக் கிடக்கும் பழைய ரப்பர் ஆலை வாசலைப் பாருங்கள். அங்கே லோரியே திரும்பும்.

இப்படிக்கு,
பை தூக்கிய பழைய ஆள்,
சுங்கை சிப்புட், பேராக்