பிரசங்கியாரின் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிழைப்புக்காக மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் தகப்பன்மாரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாரி ஓட்டுநர், ராணுவ வீரர், வளைகுடா நாடுகளில் உழைப்பவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஊர் ஊராகச் சென்று நற்செய்திக் கூட்டங்களில் பேசும் ஊழியக்காரர்கள் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலேயே இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கர்த்தருடைய வேலைக்குப் புறப்படுகிறவரிடம் 'இந்த வாரம் போகத்தான் வேண்டுமா?' என்று எப்படிக் கேட்பது? முப்பத்தோரு ஆண்டுகளாக அப்படி ஒருவரை வழியனுப்பி வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் கணவர் சபையில் சம்பளம் வாங்குகிறவர் அல்லர். அழைக்கிற ஊருக்குப் போய்ப் பேசுவார். கூட்டம் முடிந்து கையில் தரும் காணிக்கைக் கவர்தான் வருமானம். அவருடைய தாயார் இந்த ஊழியத்துக்காகவே அவரை நேர்ந்து வளர்த்தவர். 1956-இல் அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரகாம் இந்தியாவுக்கு வந்தபோது பாளையங்கோட்டையிலும் கூட்டம் நடத்தினார். என் மாமியார் அப்போது பாவாடை தாவணி போட்ட பெண். கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து, தனக்கு ஆண் பிள்ளை பிறந்தால் சுவிசேஷகனாக்குவேன் என்று பொருத்தனை செய்தாராம். அதே பில்லி கிரகாம் முதிர்ந்த வயதில், இன்னொரு முறை வாழக் கிடைத்தால் பயணத்தைக் குறைத்துக்கொண்டு குடும்பத்தோடு அதிக நேரம் இருப்பேன் என்று வருந்திச் சொன்னது மாமியாருக்குத் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது.

எங்கள் சமையலறைச் சுவரில் எப்போதும் ஒரு நாட்காட்டி தொங்கும். வெளியூர் நாட்களை அவர் சிவப்பு மையால் வட்டமிடுவார். பிள்ளைகளின் பிறந்த நாள், பள்ளி ஆண்டு விழா, மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப்போகும் நாள் ஆகியவற்றை நான் பென்சிலால் எழுதுவேன். ஒரு டிசம்பர் கடைசியில் பழைய நாட்காட்டியைக் கழற்றும்போது வட்டங்களை எண்ணினேன். 211. அதைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன், அவரிடம் காட்டவில்லை.

வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முன், சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து என்னும் தவக்கால நாட்களில்தான் எங்கள் பக்கத்தில் கூட்டங்கள் அதிகம். பள்ளிப் பொதுத் தேர்வும் மார்ச் மாதத்தில்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் மே மாதத்தில் வாலிபர் முகாம், விடுமுறை வேதாகமப் பள்ளி, குடும்ப ஆசீர்வாத முகாம். குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசுவதற்காகவே அவர் எங்களை விட்டுப் போன மே மாதங்கள் எத்தனையோ.

இளைய மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாள் பயணம் முடித்து, விடியற்காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தார். திண்ணையில் சாய்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் நின்றேன். மகள் காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு திண்ணை வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அப்பா காபிக்குச் சீனி போடுவார்களா?"

சர்க்கரை நோய் என்று தெரிந்து அவர் சீனியை நிறுத்தி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. தொலைபேசியில் தினமும் "அப்பா, அப்பா" என்று வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைதான். நேரில் வந்து உட்கார்ந்த மனிதரிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டது அவர் காதிலும் விழுந்துவிட்டது. செய்தித்தாளை மடித்து வைத்தார். அன்று முழுவதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு குடும்ப ஜெபத்தில் அவர் வாசித்தது வேதாகமத்தில் ஒன்று சாமுவேல் ஏழாம் அதிகாரம். தீர்க்கதரிசி சாமுவேல் ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவிட்டு, வீடு இருந்த ராமாவுக்குத் திரும்புவதோடு அந்த அதிகாரம் முடிகிறது. அவர் நிறுத்தாமல் அடுத்த அதிகாரத்துக்கும் போனார். சாமுவேலின் பிள்ளைகள் தகப்பனின் வழியில் நடக்காமல் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்ற இடத்தில் குரல் இறங்கியது. அந்தப் பிள்ளைகள் இருந்த பெயெர்செபா, அந்தத் தகப்பன் சுற்றிவந்த ஊர்களில் ஒன்றல்ல என்பதைப் பிறகு என்னிடம் சொன்னவர் அவர்தான். அப்போதுதான் அலமாரி மேலிருந்த நாட்காட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மாதத்துக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் வெளியூர் இல்லை. திங்கட்கிழமை முழு நாளும் வீடு. மூத்தவள் பத்தாம் வகுப்பு எழுதிய மார்ச் மாதத்தில் இரண்டு லெந்துக் கூட்டங்களுக்கு வர இயலாது என்று எழுதிவிட்டார். ஒரு சபையின் கமிட்டிப் பெரியவர் வீட்டுக்கே வந்து, "கேரி ஐயா எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தானே வந்தார்? நீங்கள் பிள்ளை பரீட்சையைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் அப்போது பேசவில்லை. இப்போது பேசுகிறேன். அந்த ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்குப் புறப்பட்டபோது, அவர் மனைவி டோரத்திக்கு வர மனமில்லை. வற்புறுத்தலுக்கு இணங்கிக் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். டோரத்தியின் மனம் பேதலித்தது; தேறாமலே 1807-இல் செராம்பூரில் கண்மூடினார். கேரி வேதாகமத்தை வங்காளியில் தந்தவர். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் கேரியைப் பற்றிக் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் டோரத்தியின் பெயரை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

நாங்கள் 'இயலாது' என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் என் ஆசிரியை வேலை. கவர் வராத மாதத்திலும் வீட்டில் அரிசி இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்ற ஊழியர்களுக்குப் புத்தி சொன்னால் அது நேர்மையாகாது. எங்களுக்குப் பழக்கமான ஓர் இளம் ஊழியர் வாடகை வீட்டில் இருக்கிறார். மனைவிக்கு வேலை இல்லை, கைக்குழந்தை வேறு. அவர் ஒரு கூட்டத்தை விட்டால் அந்த மாத வாடகை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் ரத்தானால், போட்ட டிக்கெட் பணமும் அவர் கையைத்தான் கடிக்கும். வீட்டில் இராத நாளுக்கு மட்டும் கூலி என்று ஏற்பாடு செய்துவிட்டு, 'நல்ல தகப்பனாக இரு' என்று அந்தப் பையனிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகவே என் வேண்டுகோள் ஊழியர்களிடம் அல்ல, அழைக்கும் சபைகளிடம். பயணச் செலவை முன்பே அனுப்புங்கள். காணிக்கை இவ்வளவு என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். மழை பெய்து கூட்டம் நடக்காவிட்டாலும் அதைக் கொடுங்கள். மூன்று நாள் என்று அழைத்துவிட்டு, புறப்படும் நேரத்தில் "நாளைக் காலையில் ஒரு வீட்டு ஜெபம் மட்டும் ஐயா" என்று பிடித்து வைக்காதீர்கள். அந்த ஒரு வீட்டு ஜெபம் ஆறு வீடாகி, இரவு ரயில் போய், என் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே தூங்கிய இரவுகள் உண்டு. கன்வென்ஷன் முடிவில் "ஐயாவின் குடும்பத்தை ஜெபத்தில் தாங்குவோம்" என்று சொல்கிறீர்கள். அந்த ஜெபத்தால்தான் நாங்கள் நின்றோம் என்று மெய்யாகவே நம்புகிறேன். அப்படி ஜெபிக்கிறவர்கள் அவரைச் சொன்ன நாளில் வீட்டுக்கும் அனுப்பிவைக்கலாம்.

தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை மேடையில் உட்காருகிறவருக்கு மட்டும் வாசிக்கிறோம். அழைப்பிதழ் அச்சடிக்கும் கமிட்டியும் அதைக் கேட்கட்டும்.

அடுத்த ஆண்டு லெந்துக் கூட்டங்களுக்கான அழைப்புக் கடிதங்கள் இந்த மாதம்தான் சபைகளில் தயாராகும். கூட்டத்தின் பொருள், நாள், நேரம் எல்லாம் எழுதிய பிறகு, கீழே ஒரு வரி சேர்க்க இடம் இருக்கும். 'இந்த நாட்களில் தங்கள் வீட்டில் தாங்கள் இருக்க வேண்டிய நாள் ஏதேனும் உண்டா, ஐயா?' என்று எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, ஊழியர் ஒருவரின் மனைவி,
பாளையங்கோட்டை.