அப்பாவின் ஸ்டேட்மென்ட் தபாலில் வரட்டும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளும் கிரெடிட் கார்டு நிறுவனங்களும் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டைத் தபாலில் அனுப்புவதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகின்றன. எல்லாம் இமெயிலுக்கும் ஆப்புக்கும் போய்விட்டது. என் கோரிக்கை ஒன்றுதான். வாடிக்கையாளரே முன்வந்து ‘காகிதம் வேண்டாம்’ என்று சொல்கிறவரை காகித ஸ்டேட்மென்ட்டை நிறுத்தக் கூடாது. அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கக் கூடாது.

ஆன்லைன் எனக்குப் பிடிக்காத விஷயம் இல்லை. என் கணக்குகள் எல்லாமே ஆன்லைனில்தான் இருக்கின்றன. வருமான வரி தாக்கல் செய்யும் நேரத்தில் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துவிடுகிறேன். காகிதம் மிச்சமாவதும் நல்லதுதான். நான் பேசுவது என் அப்பாவைப் போன்றவர்களுக்காக.

அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 78. கார்டு ஸ்டேட்மென்ட் தபாலில் வந்துகொண்டிருந்த காலத்தில், கவர் வந்த அன்றே அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பார். பெட்ரோல் பங்க் சீட்டு, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு, வரி வரியாகச் சிவப்புப் பேனாவில் டிக் அடிப்பார். டிக் விழாத வரி இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார். அம்மாவுக்கும் தெரியாவிட்டால் அன்றைக்கே வங்கிக்கு ஃபோன் போகும். அந்த ஒரு தாளை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள் என்பது முக்கியம்.

அப்புறம் தபால் நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால், ஆப்பில் ஏதோ நிபந்தனைகளுக்கு ‘ஏற்கிறேன்’ கொடுத்தபோதே இ-ஸ்டேட்மென்ட்டுக்கும் சம்மதம் கொடுத்தாயிற்று என்றார்கள். அவர்களிடம் பதிவாகியிருந்த இமெயில் முகவரி, விண்ணப்பம் போட்ட நாளில் பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்தது. அதன் பாஸ்வேர்ட் வீட்டில் யாருக்கும் தெரியாது. கட்ட வேண்டிய மொத்தத் தொகை மட்டும் எஸ்.எம்.எஸ்ஸில் வரும், அப்பா நாள் தவறாமல் கட்டிவிடுவார். அவர் கேட்காத ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதம் 499 ரூபாய் அந்தத் தொகைக்குள்ளேயே பல மாதம் போய்க்கொண்டிருந்தது. புகார் செய்தபோது வந்த பதில் இது: “மாதாமாதம் ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கிறோமே சார், அப்போதே ஏன் சொல்லவில்லை?”

இமெயில் கைக்கு வந்தாலும் அதைத் திறப்பது தனிப் போராட்டம். பி.டி.எஃப் கோப்புக்குப் பாஸ்வேர்ட் உண்டு. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் மாதமும் என்று ஒரு வங்கி சொல்லும். கார்டின் கடைசி நான்கு எண் என்று இன்னொன்று, வாடிக்கையாளர் எண் என்று வேறொன்று. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் வரும். எஸ். ராமசாமி என்றால் முதல் நான்கு எழுத்து ‘எஸ்’ஸில் தொடங்குமா, ‘ரா’வில் தொடங்குமா? நடுவில் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா? ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும் பெயர், பான் கார்டில் அப்பா பெயரோடு விரிந்து வேறு மாதிரி இருக்கும். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி ஒன்று, வீட்டில் சொல்கிற தேதி இன்னொன்று. தன் கணக்கைத் தான் பார்க்க ஒரு பெரியவர் பேரன் ஊருக்கு வரும்வரை காத்திருக்கிறார்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் கார்டு நெறிமுறைகளிலேயே சொல்லிவிட்டீர்கள். ஸ்டேட்மென்ட்டை ஆன்லைனில் தருவதற்குக் கார்டுதாரரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்ததை உறுதிசெய்ய ஓர் ஏற்பாடும் வேண்டும். வட்டி ஏறுவதற்கு முன் பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். நன்றாக எழுதப்பட்ட விதிகள் இவை. ஆனால் வங்கிகள் இமெயில் போனாலே ஸ்டேட்மென்ட் கிடைத்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. பல பக்க நிபந்தனைகளின் அடியில் இருக்கும் ஒரு டிக் பெட்டியை வெளிப்படையான சம்மதம் என்கின்றன.

இதில் காசும் இருக்கிறது. மூன்றாம் நபர் மோசடி செய்து பணத்தை எடுத்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்பவருக்கு இழப்பு இல்லை என்று 2017 ஜூலையில் அறிவித்தீர்கள். ஏழு வேலை நாள் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கி இயக்குநர் குழுவின் கொள்கைப்படிதான் முடிவு. தகவல் எந்த நாளில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் யார் தலையில் நஷ்டம் விழும் என்று தீர்மானமாகிறது. திறக்க முடியாத இமெயில் பெட்டியில் விழுந்த நாளைத் தகவல் கிடைத்த நாளாக எடுத்துக்கொண்டால் அது நியாயமா?

சேமிப்புக் கணக்குக்காவது பாஸ்புக் இருக்கிறது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-லேயே சொல்லிவிட்டீர்கள். கிரெடிட் கார்டுக்குப் பாஸ்புக் கிடையாது, ஸ்டேட்மென்ட்டை விட்டால் வேறு எதுவும் இல்லை. மாதம் 3.5 சதவீதத்துக்கு மேலும்கூட வட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வசூலிக்கப்படும் ஒரு கடனுக்கு, கையில் பிடித்துப் படிக்க ஒரு தாள் வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டால், அவருக்கு எங்கெங்கே கணக்கு இருந்தது என்று குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் தபால்காரர் கொண்டுவரும் கவர்கள் சொல்லிவிடும். பீரோவைத் திறந்தால் பழைய ஸ்டேட்மென்ட் கட்டு இருக்கும். இப்போது எல்லாம் பூட்டிய ஃபோனுக்குள் போய்விட்டது. கணவர் பெயரில் என்ன இருந்தது என்றே தெரியாமல் வங்கி வங்கியாக ஏறி இறங்கும் பெண்களை நான் அறிவேன். பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் உங்களிடம் உள்ள டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. அதைத் தேடித் தர 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கினீர்கள், நல்ல காரியம். ஆனால் அது தொலைந்த பிறகு தேடும் இடம். வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் கணக்கின் இருப்பும் காகிதத்தில் வீட்டு முகவரிக்கு வந்தால் பல குடும்பங்கள் தேடவே வேண்டியிருக்காது.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு தேடிப்போய்ப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொன்னவர்கள் நீங்கள். அதே பெரியவர்களுக்கு ஒரு தாளைத் தபாலில் அனுப்பச் சொல்வது உங்களால் முடியாததல்ல. காகிதம் வேண்டுமா என்று தனியாக, தமிழில், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பதில் வாங்கச் சொல்லுங்கள். பதில் வராதவருக்குத் தபாலே தொடரட்டும். இமெயில் இரண்டு மாதம் தொடர்ந்து திரும்பி வந்தால், யாரும் கேட்காமலே மூன்றாவது மாதம் தபால் போகட்டும்.

ஒரு மெயில் போய்ச் சேராமல் திரும்பினால் வங்கியின் சர்வருக்கு அது தெரியும். அடுத்த ஆய்வுக்குப் போகும்போது உங்கள் அதிகாரிகள் ஒவ்வொரு வங்கியிடமும் இந்தக் கணக்கைக் கேட்கட்டும்: கடந்த ஓராண்டில் எத்தனை ஸ்டேட்மென்ட் இமெயில்கள் திரும்பி வந்தன, அவற்றில் எத்தனை பேருக்குத் தபால் போனது? வங்கி வாரியாக அந்த எண்களை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கார்டுதாரர் ஒருவரின் மகள்