22.2 கம்ப்ரஷன் இஞ்சினுக்கு 0.9 பார் பூஸ்ட்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை நிர்வாகி,
டர்போ கிட் விற்பனை நிறுவனம், கோலாலம்பூர்.

ஐயா, வணக்கம்.

செந்தூலில் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். கடந்த ஜனவரியில் என் டோயோட்டா லோரிக்கு உங்கள் பட்டறையில் டர்போ கிட் (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்தினேன். கூலியோடு 4,800 வெள்ளி (ரிங்கிட்). ரசீது நகலை இணைத்திருக்கிறேன். லோரியில் இருப்பது 3எல் என்ற மாடல் டீசல் இஞ்சின், 2.8 லிட்டர், டர்போ இல்லாமல் வந்தது. பெந்தோங் பக்கம் வேலை கிடைத்தால், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தைப் பாரத்தோடு ஊர்ந்துதான் கடக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் செலவே.

பணம் கட்டும் முன் உங்கள் விற்பனையாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி கம்ப்ரஷனைப் பற்றித்தான், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைப் பற்றி. என் இஞ்சினுக்கு அது 22.2க்கு 1. டோயோட்டாவே டர்போ வைத்து விற்ற 2எல்-டி இஞ்சினில் அதை 20க்கு 1 என்று குறைத்துத்தான் வைத்தார்கள். இதைச் சொன்னதும், "அதெல்லாம் பெட்ரோல் வண்டிக்குத்தான் அண்ணே, டீசல்ல நாக்கிங் கிடையாது" என்றார்.

அது பாதி உண்மை. டீசல் இஞ்சின் வெறும் காற்றைத்தான் அழுத்துகிறது. டீசல் கடைசியில்தான் உள்ளே பீய்ச்சப்படுகிறது. அதனால் பெட்ரோல் இஞ்சினைப் போல எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் நாக்கிங் பயம் இல்லை, சரி. ஆனால் அழுத்தம் எங்கே போகும்? 0.5 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்; 1 பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) கொடுத்தால் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதை மறுபடி 22 மடங்கு சுருக்கும்போது ஏறுகிற அழுத்தத்தை ஹெட் கேஸ்கெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் தகடு) ஹெட் போல்ட்டும்தான் தாங்க வேண்டும். அவை டர்போ இல்லாத இஞ்சினுக்காகச் செய்தவை. கம்ப்ரஷன் அதிகமுள்ள இஞ்சினில் டர்போ வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைந்த பூஸ்ட், அளவான டீசல், எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பார்க்க ஒரு மீட்டர் என்று கட்டுப்பாட்டோடு வைத்தால் ஓடும். உங்கள் விலைப்புள்ளித் தாளிலும் 0.5 பார் என்றே எழுதியிருந்தது. அதை நம்பித்தான் சம்மதித்தேன்.

பொருத்திய நாளிலிருந்தே ஏற்றத்தில் கரும்புகை. மார்ச்சில் பெந்தோங்குக்குப் போகும் வழியில், கோம்பாக் டோலைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் வெப்ப முள் மேலே போனது, ரிசர்வ் டாங்கியிலிருந்து தண்ணீர் பொங்கி வெளியே வந்தது. லோரியை இழுவை வண்டியில்தான் கொண்டுவந்தேன். அன்று கல்யாண வீட்டில் கூடாரம் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

வேறு பட்டறையில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது, ஹெட்டிலும் விரிசல். அங்குள்ள போர்மன் வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட் அளவு மீறாமல் திறந்து புகையை வெளியே விடும் வால்வு) காற்று அடித்துச் சோதித்தார். 0.9 பாரைத் தாண்டிய பிறகுதான் திறக்கிறது. அதன் கம்பியைச் சுருக்கி இறுக்கி வைத்திருக்கிறார்கள். டீசல் பம்ப்பில் அளவைக் கூட்டும் திருகின் சீலும் உடைந்திருக்கிறது. சோதனையை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கேதான் என் கோபம். டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும். டீசலைத் திறந்துவிட்டால் ஏறும். டர்போவுக்கு முன்னால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வெப்பத்தைக் காட்டும் மீட்டர் உங்கள் கிட்டில் இல்லை, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இல்லை. பூஸ்டையும் டீசலையும் சேர்த்தே ஏற்றிவிட்டு, ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கும்போது இழுவை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

போனில் கேட்டபோது "ஓவர்லோட்" என்றார்கள். என் பாரம் அனுமதித்த எடைக்குள்தான் இருந்தது. டர்போ பொருத்தியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வாங்கித் தருகிறோம் என்றார்களே, அந்தத் தாளும் இன்றுவரை வரவில்லை. சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

கிட்டின் விலையும் கூலியுமான 4,800 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். ஹெட் பழுதுச் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதன் பில்லும் இதோடு இருக்கிறது. அப்புறம், "3எல் இஞ்சினுக்கு நேரடியாகப் பொருந்தும்" என்று விளம்பரம் செய்கிறீர்கள். அதன் கீழே பூஸ்ட் வரம்பையும் வெப்ப மீட்டர் கட்டாயம் என்பதையும் அச்சிடுங்கள். இதே இஞ்சினோடு பிழைப்பு நடத்தும் சிறு லோரிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால், 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கை வழக்காக, கிட் பணத்துக்காகவாவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதிவு செய்வேன். கழற்றிய டர்போ, கேஸ்கெட், ஹெட் மூன்றும் செந்தூலில் என் கடையில் இருக்கின்றன. உங்கள் ஆளை அனுப்பினால் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லோரி உரிமையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.