திருகோணமலை வாணவேடிக்கை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்ட விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. மாரி மழை கொட்டிய கார்த்திகையில் மட்டும் ஆள் சேரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள். நேரத்துக்கு வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். மூத்தவர்களுக்கு இரண்டுமே புதிது. இந்த ஆண்டின் பெரிய வாதத்தைக் கிளப்பியவர்களும் அவர்கள்தான்.

எங்கள் கலை இரவுக் கூத்தில் சூரன் கொலுவுக்கு வரும்போது மேடை ஓரத்தில் ஒரு தீக்கோளம் எழும்ப வேண்டும் என்று கேட்டார்கள். கைத்தொலைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களையும் காட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிர்வாக சபை மறுத்தது. "கிழடுகளுக்குப் பயம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பயம்தான், மறுக்கவில்லை. காரணத்தை அன்று அவசரத்தில் சரியாக விளக்க முடியவில்லை, இங்கே பதிகிறேன்.

தீக்கோளம் என்பது வெடிமருந்து அல்ல. ஏதோ ஓர் எரிபொருள் ஆவியாகவோ தூசியாகவோ காற்றில் பரந்து, ஒரே மூச்சில் பற்றிக்கொள்வதுதான். கட்டியாக இருக்கும்போது சோம்பலாக எரியும் பொருள், தூசியாகப் பரந்தால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்வதால் நொடியில் எரிந்து முடிகிறது. பெற்றோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து எங்கே போய் நிற்கும் என்றும் தெரியாது. ஆகவே கோளம் எவ்வளவு பெரிதாகும் என்பது தீப்பிடித்த பிறகுதான் தெரியவரும். போதாததற்கு அந்தச் செம்மஞ்சள் சுவாலை முழுக்கக் கரித்துகள். ஒளிர்வது அதுதான், சூட்டை நாலாபக்கமும் வீசுவதும் அதுதான். தீ தொடாத தோலும் வெந்துபோகும்.

தூசியை லேசாக எண்ணியவர்களுக்கு ஒரு சம்பவம். 2015 ஜூன் 27 அன்று தாய்வானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் இசைக் கொண்டாட்டம். கூட்டத்தின் மேல் வர்ணம் பூசிய சோளமாவைத் தூவினார்கள். மா பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ ஐந்நூறு பேர் காயப்பட்டார்கள். சோளமா! நம் வீட்டுக் குசினியில் இருப்பது. பிற்பாடு இதைக் கேட்டபோதுதான் பின்வரிசை அமைதியானது.

எங்கள் ஊருக்கென்று இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கச்சான் காற்று. ஆடியில் அது எந்த நேரம் எப்படி அடிக்கும் என்று மீனவர்களே உறுதியாகச் சொல்லமாட்டார்கள், கிடுகு வேய்ந்த பந்தலுக்குப் பக்கத்தில் நாம் என்ன சொல்ல? மற்றது சத்தம். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சை அப்பா, பாட்டன் சொல்லிக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளின் சத்தங்களை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கேட்டே வளர்ந்தோம். 'வெளிச்சம் உண்டு, வெடி இல்லை' என்ற பழைய தீர்மானம் இந்த ஆண்டும் அப்படியே நிற்கிறது. மாற்றக் கேட்டு ஒரு கடிதம் வந்தது, சபை ஏற்கவில்லை.

அப்புறம், பெடியன்களின் ஆர்வத்தை வெறுமனே அணைத்துவிடவும் கூடாது. அதனால்தான் சுவாலைச் சோதனை மாலை, அதாவது உப்புகளைச் சுவாலையில் பிடித்து நிறம் பார்க்கும் மாலை. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தை இரவல் வாங்கினோம். உப்புக் கரைசல்களில் ஊறவைத்த ஐஸ்பழக் குச்சிகளை வரிசையாக வைத்து, பன்சன் சுடரடுப்பின் நீலச் சுவாலையில் ஒவ்வொன்றாகப் பிடித்தோம். மயில்துத்தக் (செம்புச் சல்பேற்று) குச்சி பச்சையாக எரிந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு நீலம். கறியுப்பு மஞ்சள். பொற்றாசியத்தின் இளம் ஊதா வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை, கோபால்ட் நீலக் கண்ணாடி ஊடாகப் பார்த்த பிறகே தெரிந்தது. ஒரு பிள்ளை உப்பு மாங்காய் தின்ற கையோடு குச்சிகளை அடுக்கியிருந்தாள், அதற்குப் பிறகு எதைப் பிடித்தாலும் மஞ்சள். சோடியம் அப்படித்தான், துளி இருந்தாலும் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். பாடப் புத்தகம் ஒரு வரியில் சொல்வதை அந்த மாங்காய் நன்றாகவே விளக்கியது. ஜேர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கேர்ச்சொப்பும் 1860 இல் சீசியத்தையும் அடுத்த ஆண்டு ருபீடியத்தையும் கண்டுபிடித்தது இதே வேலையால்தான், சுவாலை ஒளியை அரியத்தில் பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவே.

மெதனோல் என்ற மதுசாரத்தில் உப்பைக் கரைத்து எரிக்கும் 'வானவில்' செய்துகாட்டலை ஏன் செய்யவில்லை என்று ஓர் ஆசிரியை கேட்டார். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சரித்தவர்களால் முன்வரிசைப் பிள்ளைகள் எரிந்திருக்கிறார்கள். 2014 இல் அமெரிக்க இரசாயனச் சங்கமே அதை நிறுத்தச் சொன்னது. பேரியம் உப்புகளையும் நாங்கள் தொடவில்லை, கரையக்கூடியவை நஞ்சு.

வானத்து நிறங்களுக்கு வந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் வாணம் என்றால் பொன்னும் வெள்ளியும் செம்மஞ்சளும்தான். கரியும் இரும்புத் தூளும் அவ்வளவுதான் தரும். எரிவதற்கு ஒட்சிசன் தரும் குளோரேற்று உப்பு கைக்கு வந்த பிறகே ஸ்ரொன்சியத்தின் சிவப்பும் பேரியத்தின் பச்சையும் வானத்தில் ஏறின. கூடவே ஆபத்தும் ஏறியது. குளோரேற்றையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலப்பதைப் பிரித்தானியா 1894 இலேயே தடைசெய்தது. நீலம்தான் இன்றுவரை வாணக்காரரின் பரீட்சை. செம்புக் குளோரைட்டு மூலக்கூறு நீலமாக ஒளிரும், சூடு கூடினால் உடைந்துபோகும், சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது. திருவிழாவுக்கு 'கடல் நீலம்' என்று சொல்லி ஒரு வியாபாரி தந்தது சாம்பலாகப் பூத்தது. விலையும் மற்றவற்றைவிடக் கூட. அடுத்தமுறை ஒன்றை எரித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

புது அங்கத்தவர்களுக்காக: சங்கம் எதையும் தயாரிப்பதில்லை. 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குவோம், பற்றுச்சீட்டைக் கோப்பில் போடுவோம். வீட்டுப் பின்வளவில் கலந்து பார்க்கும் எண்ணம் உள்ளவர் அங்கத்துவப் படிவத்தைத் திருப்பித் தந்துவிடலாம்.

கூத்துக்குச் சூரன் எப்படி வந்தான் என்று வராதவர்கள் கேட்கிறார்கள். ஒரு மேசை விசிறி, கீழே செம்மஞ்சள் எல்.ஈ.டி. விளக்குகள், மேலே நாக்கு நாக்காக வெட்டிய மெல்லிய பட்டுத்துணி. வீடியோ காட்டிய அதே பெடியன்கள்தான் இரண்டு இரவு கண்விழித்துச் செய்தார்கள். விசிறியைப் போட்டதும் முன்வரிசைக் கிழவிகள் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். வெளியே, மேடைக்குத் தூரமாக, மணல் வாளிகளுக்கு நடுவில் கடையில் வாங்கிய சிவப்பு, பச்சை மத்தாப்புகள். சூரனுக்குச் சிவப்பு, முருகனின் மயிலுக்குப் பச்சை. என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த வேலை அந்தத் துணிதான், வாணங்கள் அல்ல.

தீயணைப்புப் பயிற்சி தந்த உத்தியோகத்தர்களுக்கு நன்றி. எரிகாயத்துக்குப் பற்பசை பூசாமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொன்ன பிறகும், இரண்டு பேர் என்னிடம் பற்பசை பற்றி வாதாடினார்கள். மறுபடி பயிற்சி வைப்போம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். புதிய சபைக்கு இரண்டு வேண்டுகோள்: கோபால்ட் கண்ணாடி இன்னும் சில வாங்குங்கள், ஒன்றை வைத்து இத்தனை பேர் இழுபறிப்படுகிறோம். பட்டுத்துணியைத் துவைத்து மடித்து வைக்க ஓர் அலுமாரி தேவை. தற்போது அது என் வீட்டில், மனைவியின் சேலைகளோடு கிடக்கிறது. அவர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்